பற்றில் கொஞ்சம் மீதி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அஞ்சாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பச்சைக் காய் எத்தனை கிலோ, உலர்ந்த காய் எத்தனை கிலோ என்கிற எண்கள்தான். எண் நன்றாக வரும். எழுத்து கோணிக்கொண்டு போகும். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற உட்கார்ந்திருக்கும். வாசிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

சித்திரை மாதம் நான் ஓய்வு பெற்ற அன்று ஸ்டோர் வாசலில் டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். ஸ்டோர் என்றால் ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற ஒரு எஸ்டேட்டில் முப்பத்து நாலு வருசம் நான் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தேன். "ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்றார்கள். எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் பார்க்கும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எனக்குப் பிறகு ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பாண்டி, "பேச வேணாம்ணே, எழுதியாச்சும் குடுங்க. அந்த பேங்கு அட்டைக் கடன எப்படி முடிச்சீங்கன்னு எழுதுங்க. இங்க எட்டுப் பேருகிட்ட அட்டை இருக்கு" என்றான்.

எட்டுப் பேர்! ஸ்டோரில் வேலை பார்ப்பதே ஒன்பது பேர். கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன். நான் பட்டதை இவர்கள் எல்லாரும் இரண்டு வருசமாகக் கண்ணால் பார்த்தவர்கள். பார்த்துக்கொண்டே போய் வாங்கியிருக்கிறார்கள். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விறகு தூக்கினேன், சாம்பல் அள்ளினேன், தட்டு கழுவினேன். நாலாவது வருசம் காயைத் தொட விட்டார்கள். ஏழாவது வருசம் அறைச் சாவி என் கைக்கு வந்தது.

இப்போது மிஷின் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் எத்தனை டிகிரி என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. எங்கள் காலத்தில் அடுப்பில் விறகு எரியும், சூடு இரும்புக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வரும். கழுவிய காயைக் கம்பி வலைத் தட்டுகளில் ஒரு காய் கனத்துக்குப் பரப்ப வேண்டும். கதவை அடைத்துச் சூடேற்றினால் காய்க்கு வேர்க்கும். வேர்த்த ஆவியை மேல் ஜன்னலைத் திறந்து வெளியே விட வேண்டும். முன்னால் திறந்தால் சூடு போய்விடும். பின்னால் திறந்தால் காய் வெந்து பழுப்பாகிவிடும். பச்சை நிறம் போன காய்க்கு போடியில் ஏலத்தில் மரியாதை கிடையாது. உலர்ந்தபின் சூடு ஆறுவதற்குள் சாக்கில் போட்டுத் தேய்த்துக் காம்பை உதிர்க்க வேண்டும். பிறகு சலித்துப் பெருவெட்டு, சிறுவெட்டு என்று பிரிக்க வேண்டும். அஞ்சு கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ கையில் நிற்கும். மீதி நாலு கிலோ தண்ணீர், ஆவியாகிப் போய்விடும்.

எங்கள் மானேஜர் மாத்யூ சார். தொடுபுழைப் பக்கத்து ஆள். கழுத்தில் எப்போதும் மப்ளர் இருக்கும். கோபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஸ்டோருக்குள் வந்ததும் ஒரு பிடி காயை எடுத்துக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை கலகலவென்று பேசினால் கீழே வைப்பார். பேசாவிட்டால் என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

ஒரு ஆடி மாதம் கணக்கில் பதினொரு கிலோ குறைந்தது. காவல்காரன்தான் எடுத்திருப்பான் என்று எல்லாரும் பேசினார்கள். மாத்யூ சார் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "நோக்கட்டே. எல்லாம் தூக்கு" என்றார். மலையாளத்தில் தூக்கு என்றால் நிறு என்று அர்த்தம். காயை நிறுத்தோம். காம்பை நிறுத்தோம். சல்லடையில் விழுந்த தூசியை நிறுத்தோம். வெடித்த காயைத் தனியாக நிறுத்தோம். எதிலும் அந்தப் பதினொரு கிலோ இல்லை. கடைசியில் அன்று மலையிலிருந்து இறங்கிய பச்சைக் காய்ச் சாக்கைப் பிழிந்து பார்த்தார். மழைத் தண்ணீர் ஒழுகியது. மழையில் எடுத்த காயைத் தண்ணீரோடு நிறுத்து எழுதியிருக்கிறோம். "அது மோஷணம் அல்ல, தண்ணியாணு", திருட்டு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒரு மனிதன்மேல் விழ இருந்த திருட்டுப் பட்டம் அரை நாளில் அகன்றது.

இனி பற்று. இதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்டேட்டில் கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரி என்று எதற்காவது பணம் வாங்கினால் அதைப் பற்று என்போம். வட்டி கிடையாது. சம்பளத்தில் அவர்களே வாரா வாரம் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு என்பது ஆபீஸ் விருப்பம். நாமாகப் போய் அதிகமாகக் கட்டுவது வழக்கமில்லை. முழுதாகத் தீர்ப்பதும் வழக்கமில்லை. பற்றைத் தீர்த்தவன் எஸ்டேட்டை விட்டுப் போகிறவன் என்று அர்த்தம். கொஞ்சம் மீதி இருக்கிறவன்தான் எங்கள் ஆள்.

இது தெரியாமல் முத்தையா என்று ஒருவர் மாட்டிக்கொண்டார். காய் எடுக்கிற மனிதர், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ரெண்டு கிடாய் விற்ற காசைக் கொண்டுவந்து ஆபீஸில் வைத்து, பற்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாத்யூ சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தா முத்தையா, போவுகயாணோ?"

அவருக்கு மலையாளம் பிடிபடவில்லை. போகிறாயா என்று கேட்டதை, நன்றாயிருக்கிறாயா என்று கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாஞ் சார், ஆமாஞ் சார்" என்று தலையை ஆட்டியிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்கு வேறு குடும்பம் சட்டி பானையோடு வந்து இறங்கியது. முத்தையாவின் சம்சாரம் கதவை மறித்துக்கொண்டு போட்ட சத்தம் பூப்பாறை வரை கேட்டிருக்கும். பிறகு சரிசெய்து கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு லயத்தில் இருந்த ஒவ்வொருவர் மனதிலும் ஒன்று ஆணி அடித்ததுபோல இறங்கியது. கடனை முழுசாகக் கட்டக் கூடாது. கட்டினால் வீடு போகும்.

என் தலையில் இறங்கிய ஆணிதான் பின்னால் என் வீட்டைத் தின்றது.

சம்பளத்தைக் கையில் கொடுப்பது நின்று, பேங்கில் போட ஆரம்பித்த வருசம். சம்பள நாளில் ஆபீஸ் முன்னால் மேசை போட்டு பேங்கு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போடிக்காரர்தான், டை கட்டியிருந்தார். ஏறி வருகிறவர்களையெல்லாம் பிடித்துக் கையெழுத்து வாங்கினார். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஒருவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில் ஒரு மூட்டை விறகு தூக்கிவிடுவேன்.

"இது என்னாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க எஸ்டேட்டுப் பற்று மாதிரிதாண்ணே. இப்ப செலவழிங்க. மாசாமாசம் கொஞ்சம் அதுவாப் பிடிச்சுக்கிரும். நீங்க பேங்குப் பக்கமே வர வேணாம்."

பேங்குப் பக்கம் வர வேண்டாம் என்றது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நாளில் அட்டை வந்தது. நாற்பதாயிரம் வரை செலவழிக்கலாம் என்றார்கள்.

முதல் செலவு நியாயமானதுதான். மகள் ரேவதிக்குத் தேனி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணிக் குழந்தை எடுத்தார்கள். முப்பத்தோராயிரம். அட்டையைத் தேய்த்தேன். யாரிடமும் போய்க் கைநீட்டி நிற்கவில்லை. அன்றைக்கு அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்போல இருந்தது.

பிறகு மருமகனுக்கு போன். வீட்டுக்கு டிவி. மிக்சி போய்விட்டது என்று மிக்சி, அதோடு சேர்த்து வாங்கினால் மலிவு என்று கிரைண்டர். போடி பஜாரில் கடைக்காரரிடம் விலை குறைக்கச் சொல்லிக் கேட்பது எனக்குக் கூச்சம். காசை எண்ணிக் கொடுக்கும்போது பின்னால் ஆள் நின்றால் எண்ணிக்கை தப்பும். அட்டை என்றால் ஒரு தேய்ப்பு, நாலு நம்பர், வெளியே வந்துவிடலாம். கூச்சப்படுகிறவனுக்கென்றே செய்தது போல இருந்தது அது.

மாதா மாதம் ஒரு காகிதம் வரும். அதில் பெரிய தொகை ஒன்றும் சின்னத் தொகை ஒன்றும் இருக்கும். சின்னத் தொகையை அவர்களே என் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். பிடித்தம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பெரிய தொகை பற்று, அது நின்றுகொண்டிருக்கும், நிற்பதுதான் முறை. அதே கணக்கில் போனஸ் காசும் என் மனைவி பேச்சியம்மாள் காய் எடுத்த காசுமாக ஐம்பத்திரண்டாயிரம் வேறு சேர்ந்து கிடந்தது. அதை எடுத்துக் கட்ட ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. தோன்றியது. கட்டினால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், உறவு முறிந்துவிடும், நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் யாரிடம் போவது என்று விட்டுவிட்டேன். நாற்பதாயிரம் என்றிருந்ததை அவர்களாகவே தொண்ணூறாயிரம் ஆக்கினார்கள். எஸ்டேட்டிலும் நம்பிக்கையான ஆளுக்குத்தான் பற்றை உயர்த்திக் கொடுப்பார்கள். நான் பேச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று இப்போது எழுதும்போதே பேனாவைத் தூக்கி எறியலாம்போல இருக்கிறது.

ஓய்வுக்கு இரண்டு வருசம் இருந்தபோது பி.எஃப். காகிதத்துக்காக பேங்குக்குப் போகச் சொன்னார்கள். லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். போடியில் ஒத்திக்கு ஒரு வீடு பிடிப்பது என்று நானும் பேச்சியும் பேசி வைத்திருந்தோம். மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லாமல் இருக்கலாம், போகும்போது பணம் திரும்ப வந்துவிடும். ரெண்டு ரூம் உள்ள வீட்டுக்கு மூணு லட்சம் கேட்டார்கள். ரேவதி கல்யாணத்துக்கு எடுத்ததுபோக எனக்கு வரவேண்டியது இரண்டரை லட்சம் சொச்சம். கையில் ஐம்பத்திரண்டு. மூணு லட்சம் சரியாக வந்தது. ரேவதி பிள்ளைகளோடு வந்தால் படுக்க ஒரு ரூம் வேண்டும் என்பது பேச்சியின் ஆசை. முப்பது வருசம் ஒத்தை அறை லயத்தில் இருந்தவளுக்கு அது ஒன்றும் பேராசை இல்லை.

பேங்கில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா என் கணக்கைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏண்ணே, இதுல ஐம்பத்திரண்டாயிரம் இருக்கு. அட்டையில எண்பத்தாறாயிரத்து நானூறு நிக்குது. ஏன் கட்டல?"

"மாசாமாசம் பிடிச்சுக்கிறாங்களேம்மா."

"அது மினிமம்ணே. நீங்க கட்டுறதுல பாதிக்கு மேல வட்டிக்கே போயிருது. நூத்துக்கு மூணரை."

"வருசத்துக்கா?"

"மாசத்துக்கு."

"முழுசாக் கட்டினா கணக்க முறிச்சதா ஆயிருமேம்மா" என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நான் தட்டுத் தடுமாறி எஸ்டேட்டுப் பற்றைப் பற்றிச் சொன்னேன். முத்தையா கதையையும் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நாலு வருசத்துக்கு முன்னால இந்தக் காச எடுத்து அதுல போட்டிருந்தா ஒண்ணுமே இல்லண்ணே" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு போடி பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். பேச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆக, நாஞ் சேத்து வச்ச காசு ஒரு பக்கம் தூங்குது. இன்னொரு பக்கம் உன் அட்டை நம்மளத் தின்னுக்கிட்டு இருக்கு. ரெண்டும் ஒரே பேங்கு."

"ஆமா."

"நீ பெருமையாச் சொன்ன."

"ஆமா."

"நானும் போயி அந்தப் பக்கத்து வீட்டு மூக்காயிகிட்டப் பெருமையாச் சொன்னேன்." அவளுக்கு அதுதான் பெரிதாக வலித்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு வருசக் காகிதத்தையும் பாயில் பரப்பினேன். மாத்யூ சார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த மாதிரிதான் உட்கார்ந்தேன். பொருள் எவ்வளவு, ஆஸ்பத்திரி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினேன். பேச்சிக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஒவ்வொரு பொருளும் வாங்கிய விலை அவளுக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே வந்தேன். டிவி, அடி. கிரைண்டர், அடி. எல்லாம் அடித்த பிறகும் ஒரு பெரிய தொகை பாயில் மிச்சம் கிடந்தது. அதற்கு ஈடாக வீட்டில் ஒரு பொருளும் இல்லை.

"இது என்னா வாங்குனது?" என்றாள்.

"ஒண்ணும் வாங்கல. வட்டி."

ஐம்பதாயிரத்தை எடுத்து ஒரே நாளில் கட்டினேன். கணக்கில் ரெண்டாயிரம் நின்றது. முப்பத்தாறாயிரத்து நானூறு பாக்கி. அதை மாதம் நாலாயிரம் வீதம் கட்டி ஓய்வுக்கு முன்னால் முடிப்பது, ஓய்வுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அட்டை தொடக் கூடாது என்று முடிவு செய்தோம். இனி அட்டையைத் தேய்த்துச் சமாளிக்காமல், ரெண்டு பேர் சம்பளத்தில் நாலாயிரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

சிக்கனம் என்று வாயால் சொல்வது லேசு. நான் ஸ்டோர்க்காரன், எனக்கு ஒரு வழிதான் தெரியும். ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துச் சூடு காட்டிப் பார்த்தேன், எதில் தண்ணீர் இருக்கிறது என்று. கேபிளை நிறுத்தினோம். டிவி சும்மா நின்றது, அதன்மேல் துணி மடித்து வைத்தோம். ரெண்டு போனில் ஒன்றுக்கு ரீசார்ஜ் இல்லை. கேஸை விட்டு விறகுக்குப் போனோம், எஸ்டேட்டில் சுள்ளிக்குக் காசில்லை. போடிக்கு மாதம் நாலு தடவை ஜீப்பில் இறங்கியது ஒன்றானது. இறங்குகிற அந்த ஒரு நாளில் ஹோட்டல் சாப்பாடு கிடையாது, பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதம் ஒரு நாள். எனக்கு டீக்கடை வடை நின்றது. இது சின்ன விஷயம் என்று தோன்றும். ஸ்டோரிலிருந்து ஏறி வந்து நாலு பேரோடு நின்று வடை தின்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே நான் பேச வேண்டியதில்லை, தின்றால் போதும். அதுவும் போய்விட்டது.

"ஏலக்காயக் காயப் போடுற மாதிரி என்னையும் காயப் போடுற" என்பாள் பேச்சி. "அஞ்சு கிலோவ ஒரு கிலோ ஆக்காம விட மாட்டியே."

"அட்டைய நான் மட்டுமா தேச்சேன்?"

"தேச்சது நீதான? எனக்கு நம்பர் தெரியுமா? சொல்லு பாப்பம்!"

அவள் முட்டி வலியோடு சரிவில் காய் எடுக்கப் போனாள். ஒரு நாள் லீவு போடச் சொன்னால், "நாலாயிரத்த உங்கப்பனா வந்து கட்டுவாரு?" என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆறு மாதம் சரியாகப் போயிற்று. ஏழாவது மாதம் வந்தது மச்சான் வீட்டு விசேஷம். பேச்சியின் அண்ணன் வீரணன், ராசிங்காபுரத்தில் தோட்டம் வைத்திருப்பவர். பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. ரேவதி கல்யாணத்தில் அவர் பத்தாயிரம் மொய் எழுதியிருந்தார். திருப்பி எழுதும்போது அதற்கு மேல் எழுத வேண்டும். மைக்கில் பேர் வாசிப்பார்கள்.

"கறிய நிப்பாட்டுன, சரின்னேன். கேசு நிப்பாட்டுன, சரின்னேன். எங்கண்ணன் மொய்யில மட்டும் கை வச்சிராத" என்றாள் பேச்சி. "அட்டையில ஒரு தடவ எடு. ஒரே ஒரு தடவ."

அட்டையை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். போடியில் ஜீப்பை விட்டு இறங்கி, பணம் எடுக்கிற மிஷின் முன்னால் நின்றேன். எனக்கு முன்னால் ரெண்டு பேர். என் முறை வந்தது. உள்ளே போகாமல் வரிசையை விட்டு வந்து ராசிங்காபுரம் பஸ்சில் ஏறிவிட்டேன். வாழ்க்கையில் நானாக ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு விஷயம் சொன்னது அது ஒன்றுதான்.

மச்சான் மோட்டார் அறைப் பக்கம் நின்றிருந்தார். "வா மாப்ளே! விசேஷம் நாளான்னைக்கித்தான, அதுக்குள்ள வந்துட்ட? என்னா, தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி நிக்கிற? சொல்லு."

சொன்னேன். இப்போது மூவாயிரம்தான் எழுத முடியும், மீதியைப் பிறகு தருகிறேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

"அட்டைக் கடனா? உனக்கு எத்தன அட்டை?"

"ஒண்ணு."

"எனக்கு மூணு. ஒண்ணுல எடுத்து ஒண்ணுக்குக் கட்டுறேன். உம்மக கல்யாணத்துக்கு எழுதுனேன்ல பத்தாயிரம், அது எங்க இருந்து வந்துச்சுன்னு நெனச்ச? அட்டைதான்!"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தா, உக்காராத. கேளு. பந்தலு, சமையலு, கெடா எல்லாம் அட்டை. வர்ற மொய்ய வச்சுத்தான் மூணையும் கட்டலாம்னு இருக்கேன். நீ மூவாயிரம் எழுதுனா மைக்குல வாசிப்பான். தங்கச்சி வீட்டுக்காரனே மூவாயிரம்னா அடுத்தவன் ஆயிரம் எழுதுவான். நான் எதை வச்சுக் கட்டுறது? எங்கிட்டாச்சும் பொரட்டிப் பத்தாயிரத்த எழுதிரு மாப்ளே. நாளைக்கே ஒன் அட்டையில எடு."

அவர் அட்டையில் எடுத்து எனக்கு எழுதினார். நான் என் அட்டையில் எடுத்து அவருக்கு எழுத வேண்டும். அதை வைத்து அவர் அட்டைக்குக் கட்டுவார். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் பணமே கிடையாது, மாதத்துக்கு மூணரை வட்டி மட்டும் போய் வந்துகொண்டிருக்கிறது. இதற்குப் பந்தல், மைக்செட், சந்தனம்!

"மச்சான், எழுதுறது மூவாயிரந்தான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது. "அட்டையில எடுக்க மாட்டேன். நீங்களும் எடுக்காதீக."

"போய்யா, பெரிய மானஸ்தன்" என்றார்.

காதுகுத்தில் என் பேரை வாசித்தார்கள். மூவாயிரம் என்பதை மைக்செட்காரர் நம்பாமல் நோட்டை ஒரு தடவை கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு வாசித்தார். பேச்சி சாப்பாட்டுப் பந்தலில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவள், அப்படியே எழுந்து வந்துவிட்டாள். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாவது நாள், எப்படியோ கேள்விப்பட்டு, "எங்கண்ணன்கிட்ட அட்டை மூணா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "வெளங்கிரும்" என்றாள். அன்றைக்குத்தான் சோறு போட்டாள்.

அந்த ஏழாயிரத்தை ஓய்வுக்கு முன்னால் மச்சானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவர் மூணு அட்டையில் ஒன்றைத்தான் இதுவரை முடித்திருக்கிறார். ஒன்றாவது முடித்தாரே.

பதினொரு மாதத்தில் முடிய வேண்டிய பாக்கி, மச்சானுக்குச் சேர்த்த காசாலும் பேச்சிக்கு ரெண்டு தடவை காய்ச்சல் வந்ததாலும் பதினான்கு மாதம் ஆனது. கடைசித் தொகையைக் கட்டிவிட்டு வந்து பேச்சியிடம் சொன்னேன். அடுத்த மாதமும் காகிதம் வந்தது. அறுநூற்றுப் பதினொரு ரூபாய். பில் போட்ட நாளுக்கும் கட்டிய நாளுக்கும் நடுவில் உள்ள வட்டியாம். மறுபடி ஜீப். மறுபடி வரிசை. கட்டிவிட்டு, அட்டையை முடித்துக்கொடுங்கள் என்றேன். அதற்கு போனில்தான் சொல்ல வேண்டுமாம். போன் போட்டால் தமிழுக்கு ஒன்றை அமுக்கு, இதற்கு நாலை அமுக்கு, காத்திரு என்று பாட்டு. கடைசியில் ஒரு பெண் பேசியது. "நீங்கள் மிக நல்ல வாடிக்கையாளர் சார், உங்களுக்கு ஒன்றரை லட்சம் வரை கொடுக்க முடிவு செய்திருக்கிறோம்" என்றது. நான் வேண்டாம் என்றேன். ஏன் சார் என்றது. வேண்டாம் என்றேன். வருசக் கட்டணம் இல்லை சார் என்றது. வேண்டாம் என்றேன். ஐம்பத்தெட்டு வயதுக்குள் நான் சொல்லாமல் விட்ட வேண்டாம் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பேன். பாவம், அதுவும் யாருக்கோ வேலை பார்க்கிறது. பாக்கி இல்லை என்று காகிதம் வரும்வரை நான் விடவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்குப் பிறகுதான் அட்டையை வெட்டினேன்.

பாண்டி, நீயும் மற்ற ஏழு பேரும் கேட்டதற்கு இதுதான் என் பதில். எஸ்டேட்டுப் பற்று வேறு, இது வேறு. எஸ்டேட்டில் மீதி வைத்தால் உன்னைத் தன் ஆள் என்பார்கள். இவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், அதற்கு மாதம் மூணரை வாங்கிக்கொண்டு. பிடித்தம் பிடிக்கட்டும் என்று இருக்காதே. காகிதத்தில் இருக்கிற பெரிய தொகையைக் கட்டு. கட்ட முடியாது என்றால் தேய்க்காதே. மாத்யூ சாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வழக்கம் அவர் எஸ்டேட்டுக்குச் சரி. அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி பேங்குக்குள் போனது நான்தான்.

ஓய்வுப் பணம் இரண்டரை லட்சம் முழுசாக வந்தது, அட்டை அதைத் தொடவில்லை. ஆனால் ஐம்பதாயிரம் திரும்பி வரவில்லை. மிச்சம் பிடித்ததெல்லாம் பாக்கியை அடைக்கத்தான் சரியாக இருந்தது. நாங்கள் பார்த்து வைத்திருந்த ரெண்டு ரூம் வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. ரயில் வந்த பிறகு போடியில் ஒத்தியும் ஏறிவிட்டது. இப்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூமும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் இருக்கிறோம். போன வாரம் ரேவதி பிள்ளைகளோடு வந்திருந்தாள். பிள்ளைகள் பாயில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்துக்கொண்டார்கள். நான் சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் படுத்தேன். கால் நீட்ட இடமில்லை.

"ஏம்மா, ரெண்டு ரூமு பாத்திருக்கோம்னு சொன்னீங்க?" என்று ரேவதி கேட்டாள்.

பேச்சி என்னைப் பார்க்கவில்லை. பேத்தியைத் தூக்கிச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டு, "இன்னொரு ரூமு இருக்குடி. அத மாசாமாசம் உங்கப்பா பேங்குக்குக் குடுத்துட்டாரு. நீ தள்ளிப் படு" என்றாள்.

28.8.2024, புதன்கிழமை, போடிநாயக்கனூர்.